இன்ஸ்பெக்டர் வருகிறார்! (இணையப் பக்கத்தின் உள்புறம் பார்த்த கதை)



கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டு முடித்து, நிதானமாக உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் ஒரு மன்னிப்பு. போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுக்களில் நான் ஒரு படம் அனுப்பியிருந்தேன். அரசு இணையதளப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் போல இருந்தது. ஓய்வூதியர் நேர்காணலுக்கு வரும் வெள்ளிக்கிழமையே கடைசி நாள், தவறினால் அடுத்த மாதம் பணம் நிற்கும் என்று அதில் எழுதியிருந்தது. என்னோடு பணியாற்றிய இரண்டு ஆசிரியைகள் அதை நம்பி அலறியடித்துக் கிளம்பிவிட்டார்கள். ஒருவருக்கு முழங்கால் அறுவை முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. இரண்டு பஸ் மாறிப் போய், அப்படி ஓர் அறிவிப்பே இல்லை என்று கேட்டுத் திரும்பி வந்தார்கள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நான் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பவில்லை. மேலே முகவரியைப் பார்த்தேன், சரியாக இருந்தது. முத்திரையும் எழுத்தும் சரியாக இருந்தன. பிறகு எப்படி?

இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவன் என் பழைய மாணவன். 2001-ல் எட்டாம் வகுப்பு, கடைசி பெஞ்ச். இப்போது கம்ப்யூட்டர் துறையில் இருக்கிறான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, லேப்டாப்பில் உண்மையான அரசுப் பக்கத்தையே திறந்தான். ஒரு தேதியின் மேல் ரைட் கிளிக் செய்து, ‘இன்ஸ்பெக்ட்’ என்று வந்ததை அழுத்தினான். திரை இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதியில் பக்கம். மறுபாதியில் படிகட்டு போல உள்ளே உள்ளே தள்ளி எழுதிய வரிகள்.

“டீச்சர், இந்தத் தேதியை என்னவா மாத்தணும்? சொல்லுங்க.”

“ஆகஸ்ட் 15 போடு” என்றேன்.

போட்டான். பக்கத்தில் ஆகஸ்ட் 15 வந்துவிட்டது. முகவரி அப்படியே, முத்திரை அப்படியே. எனக்குக் கை நடுங்கியது. பிறகு பக்கத்தை மறுபடி ஏற்றினான். பழைய தேதி திரும்பி வந்தது. “மாறினது என் மெஷின்ல இருக்கிற பிரதி மட்டும்தான் டீச்சர். அங்க இருக்கிறதை யாரும் தொட முடியாது. ஆனா நடுவுல ஒரு படம் எடுத்துட்டா போதும்” என்றான்.

இப்படி ஒரு திருட்டுச் சாவியை எல்லா பிரவுசரிலும் எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று கோபமாகவே கேட்டேன். அவன் சிரித்தான். “நான் தொழில் கத்துக்கிட்டதே இதுலதான் டீச்சர். சாவியை எடுத்துட்டா என்னை மாதிரி ஆளுங்க வெளியிலயே நின்னிருப்போம்.”

அந்த ஒரு பதிலுக்காக மூன்று வாரம் உட்கார்ந்து படித்தேன், அவனைத் தொணதொணத்தும் கேட்டேன். நான் கணினிப் படிப்பு படித்தவள் அல்ல. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான் என் படிப்பு. ஆனால் உள்ளே இருப்பதைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கண்ணால் காட்டுவது என்பதுதானே எங்களுக்கு இரண்டு வருடம் சொல்லிக்கொடுத்த பாடம். அந்தக் கண்ணால் பார்த்தபோது இந்த வரலாறு எனக்குப் பிடித்துப்போனது.

உலகளாவிய வலை பிறந்த இடம் சுவிட்சர்லாந்தில் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகம். டிம் பெர்னர்ஸ்-லீ 1989-ல் திட்டத்தை எழுதிக் கொடுத்தார். 1990-ல் முதல் பிரவுசரை எழுதினார். அவர் பக்கங்களுக்குத் தேர்ந்தெடுத்த வடிவம் சாதாரண எழுத்து. இது தலைப்பு, இது பத்தி, இது இன்னொரு பக்கத்துக்குப் போகும் இணைப்பு என்று கோண அடைப்புக்குறிகளுக்குள் குறித்துவைப்பதுதான் எச்.டி.எம்.எல். ஒரு குறிக்குள் இன்னொரு குறி, அதற்குள் இன்னொன்று. நம் வீட்டு எவர்சில்வர் சம்படங்களை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு அடுக்குகிறோமே, அப்படி.

இதில் ஒரு பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது. நாம் கடையில் வாங்கும் மென்பொருள் அரைத்த மாவு மாதிரி. எந்த அரிசி, எவ்வளவு உளுந்து என்று திரும்பப் பார்க்க முடியாது. இணையப் பக்கமோ செய்முறைக் குறிப்பாகவே நம் வீட்டுக்கு வருகிறது. சமையல் நம் பிரவுசரில்தான் நடக்கிறது. குறிப்பு கையில் இருக்கும்போது அதைக் காட்டுவதில் செலவே இல்லை. 1993-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பினாவும் உருவாக்கிய மொசைக் பிரவுசரில், மூல எழுத்தைப் பார்க்க ஒரு மெனு இருந்தது. அடுத்த வருடம் வந்த நெட்ஸ்கேப்பிலும் இருந்தது. அதே 1993 ஏப்ரல் 30-ல் செர்ன் தன் இணைய மென்பொருளை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று பொதுவுடைமையாக்கியது.

அந்தக் காலத்தில் இணையப் பக்கம் கட்டக் கற்றவர்கள் பலருக்கு வாத்தியார் கிடையாது. பிடித்த பக்கத்தைத் திறப்பது, மூலத்தைப் பார்ப்பது, நகலெடுப்பது, ஒரு வரியை மாற்றி என்ன ஆகிறது என்று பார்ப்பது. நம் பள்ளியில் காப்பியடித்தால் நான் காதைத் திருகியிருப்பேன். ஆனால் இந்தக் காப்பியில் ஒரு தலைமுறையே தொழில் கற்றுக்கொண்டது.

என் அம்மா ஜவுளிக்கடையில் சேலையை விரித்ததும் முதலில் மறுபக்கத்தைத்தான் திருப்பிப் பார்ப்பார். நூல் எங்கே போகிறது, எங்கே வெட்டி விட்டிருக்கிறார்கள் என்று அங்கேதான் தெரியும். மூலத்தைப் பார்ப்பதும் அதே வேலைதான்.

சிக்கல் எங்கே வந்தது? பக்கத்தை அழகாக இரண்டு மூன்று பத்திகளாகப் பிரிக்க அப்போது சரியான வழி இல்லை. அதனால் மதிப்பெண் பட்டியல் போடுவதற்கான அட்டவணைக் குறியை வைத்தே பக்கம் முழுவதையும் கட்டினார்கள். அட்டவணைக்குள் அட்டவணை, அதன் கட்டத்துக்குள் இன்னோர் அட்டவணை. கோடுகள் கண்ணுக்குத் தெரியாதபடி கோட்டின் தடிமனைப் பூஜ்யமாக வைப்பார்கள். ஏதாவது கோணிக்கொண்டால், எங்கே தவறு என்று பார்க்கப் பூஜ்யத்தை 1 ஆக்குவார்கள். பக்கம் முழுக்கக் கட்டங்கள் தெரியும். சரி செய்தபின் மறுபடி பூஜ்யம். பக்கத்தின் எலும்புக்கூட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் பழக்கம் இப்படிக் கைவைத்தியமாகத்தான் தொடங்கியது.

அதைவிடப் பெரிய சிக்கல் 1995-ல் வந்தது. நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்ட்டின் முதல் வடிவத்தை எழுதினார். அது பக்கம் வந்து சேர்ந்த பிறகும் அதை மாற்றும். ஒரு வரியைச் சேர்க்கும், ஒரு படத்தை மறைக்கும். அன்று முதல் ஒரு பக்கத்துக்கு இரண்டு உருவங்கள்: சர்வரிலிருந்து வந்த மூல எழுத்து ஒன்று, இந்த நிமிடம் பிரவுசரின் நினைவில் உயிரோடு இருப்பது இன்னொன்று.

ஆசிரியர்களுக்கு இது உடனே புரியும். பாடக்குறிப்பு நோட்டில் ‘இன்று தசமப் பின்னம்’ என்று எழுதியிருப்போம். வகுப்பில் பையன்களுக்குச் சாதாரணப் பின்னமே தெரியவில்லை என்று கண்டு அதைத்தான் நடத்திக்கொண்டிருப்போம். நோட்டைப் படித்தால் வகுப்பு தெரியாது. வகுப்பைப் பார்க்க இன்ஸ்பெக்டர்தான் நேரில் வர வேண்டும்.

சொல்லி வைத்தது போல, அடுத்து வந்த கருவிக்குப் பெயரே இன்ஸ்பெக்டர்! (அந்தச் சொல்லைக் கேட்டால் எங்கள் தலைமுறை ஆசிரியர்களுக்கு இன்றும் வயிறு கலங்கும்.)

அதற்கு முன் ஓர் ஒப்பந்தம் தேவைப்பட்டது. பிரவுசர் மூலத்தைப் படித்து நினைவில் கட்டும் அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று டபிள்யூ3சி அமைப்பு 1998 அக்டோபரில் ஒரு தரநிலை வெளியிட்டது. அதைச் சுருக்கமாக டாம் என்கிறார்கள். இது தலைகீழாக வளரும் ஒரு மரம், அல்லது நம் வீட்டு வம்சாவளிப் படம். உறவுப் பெயர்களையே வைத்திருக்கிறார்கள்: பெற்றோர், பிள்ளை, உடன்பிறப்பு, மூதாதை. ஒரு பத்தி எந்தப் பெட்டியின் பிள்ளை என்று கேட்டால் விடை உண்டு. நம் குடும்பத்தில் சில பேரை அப்படித் துல்லியமாகச் சொல்ல முடியாது என்பது வேறு விஷயம்.

நெட்ஸ்கேப் தன் பிரவுசரின் நிரலை 1998-ல் பொதுவில் வெளியிட, மொசில்லா திட்டம் பிறந்தது. 2002-ல் மொசில்லா 1.0 வந்தபோது கூடவே ‘டாம் இன்ஸ்பெக்டர்’ இருந்தது. எழுதியவர் ஜோ ஹெவிட். இடப்பக்கம் மரம், வலப்பக்கம் விவரம். மரத்தில் ஒரு கிளையைத் தொட்டால் பக்கத்தில் அந்தப் பகுதியைச் சுற்றிச் சிவப்புக் கோடு மின்னும். எழுத்தையும் உருவத்தையும் ஒரே நேரத்தில் கண் பார்க்கிறது. கரும்பலகையில் எழுதிக்கொண்டே வரைபடத்தில் குச்சியால் தொட்டுக் காட்டுவோமே, அதேதான்.

2004-ல் ஜிமெயில், 2005-ல் கூகுள் மேப்ஸ் வந்தபின் பழைய வழி அநேகமாகச் செத்தது. அவற்றில் மூலத்தைத் திறந்தால் கடிதமும் இருக்காது, தெருவும் இருக்காது. எல்லாமே பிறகு ஜாவாஸ்கிரிப்ட் கட்டிக்கொண்டது. அதே ஹெவிட் 2006 ஜனவரியில் ‘ஃபயர்பக்’ என்ற துணைக்கருவியை ஃபயர்பாக்ஸ் பிரவுசருக்கு இலவசமாக வெளியிட்டார். என் மாணவன் இதைப் பற்றிப் பேசும்போது, முதல் சைக்கிளைப் பற்றிப் பேசுவது போல முகம் மலர்ந்தது. பக்கத்தில் எதன் மேல் சுட்டியை வைத்தாலும் அதன் வேர் வரை காட்டும். அங்கேயே திருத்தலாம், நிறம் மாற்றலாம், உடனே பலன் தெரியும். உடைத்துவிட்டால் மறுபடி ஏற்றினால் போதும். தவறு செய்தால் தண்டனை இல்லாத வகுப்பறை. முப்பத்தைந்து வருடம் முயன்றும் என்னால் அப்படி ஒரு வகுப்பறையை முழுதாக உருவாக்க முடியவில்லை.

(ஒரு கிளைக்கதை: ஹெவிட்டும் பிளேக் ராஸும் சேர்ந்து தொடங்கிய சிறு நிறுவனத்தை 2007-ல் வாங்கியது யார் தெரியுமா? நீங்கள் இப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கும் ஃபேஸ்புக்தான்.)

அதே 2006 ஜனவரியில் ஆப்பிளின் சஃபாரி பக்கமும் ஓர் இன்ஸ்பெக்டர் வந்தது. 2008 செப்டம்பரில் குரோம் வந்தபோது உள்ளேயே வைத்துக் கொடுத்தார்கள். 2009-ல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8-ம் எஃப்12 விசையில் வைத்தது. தனியாகத் தேடி நிறுவ வேண்டிய கருவி, மூன்றே வருடத்தில் எல்லா வீட்டுக் கணினியிலும் சும்மா கிடக்கும் கருவியாகிவிட்டது. ஃபயர்பக் தன் வேலையை முடித்து 2017-ல் ஓய்வுபெற்றது. ஓய்வூதியம் உண்டா என்று தெரியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த கதை. படிகட்டு வரிகளாக இல்லாமல், மரத்தை மரமாகவே பார்க்க முடியாதா என்று சிலர் யோசித்தார்கள். 2006-ல் மார்செல் சலாத்தே என்ற சுவிஸ் உயிரியலாளர் ஒரு விளையாட்டு செய்தார். ஓர் இணைய முகவரியைக் கொடுத்தால், அந்தப் பக்கத்தின் ஒவ்வொரு குறியும் ஒரு வண்ணப் புள்ளியாகி, கோடுகளால் இணைந்து, திரையில் பூ விரிவது போல வளரும். அட்டவணைக்குச் சிவப்பு, பொதுப் பெட்டிக்குப் பச்சை, இணைப்புக்கு நீலம், படத்துக்கு ஊதா. பழைய பாணிப் பக்கங்கள் சிவப்பாகப் பூத்தன, புதியவை பச்சையாக. எந்தக் காலத்துக் கட்டுமானம் என்பது நிறத்திலேயே தெரிந்துவிடும்.

2011 கோடையில், கூகுள் மாணவர்களுக்காக நடத்தும் திட்டத்தின் வழியாக, விக்டர் போரோஃப் என்ற மாணவர் மொசில்லாவுக்காக ‘டில்ட்’ என்ற கருவியை எழுதினார். பொத்தானை அழுத்தினால் பக்கம் அப்படியே சாய்ந்து நிற்கும். எது எதற்குள் இருக்கிறதோ அது அதன்மேல் ஒரு கட்டையாக எழும்பும். சுட்டியைப் பிடித்துச் சுற்றினால், மலைக்கோயிலிலிருந்து கீழே ஊரைப் பார்ப்பது போலத் தெரியும். ஓரிடத்தில் மாடிமேல் மாடியாக உயர்ந்திருந்தால், அங்கே தேவையில்லாமல் பெட்டிக்குள் பெட்டி போட்டிருக்கிறார்கள் என்று பொருள். திரைக்கு வெளியே ஒதுங்கிக் கிடக்கும் துண்டுகளும் தெரியும். 2012 மார்ச்சில் ஃபயர்பாக்ஸ் 11-ல் இது உள்ளேயே வந்தது. 2016-ல் 47-ம் பதிப்பில் எடுத்துவிட்டார்கள்! இதைக் கேட்டு எனக்கு வருத்தமாகவே இருந்தது. பள்ளி அலமாரியில் பிளாஸ்டர் இதயம் ஒன்று இருந்தது, அறை அறையாகக் கழற்றிக் காட்டலாம். ஒரு நாள் ‘பயன்பாட்டில் இல்லை’ என்று பட்டியலில் எழுதி எடுத்துப்போனார்கள். அந்த ஞாபகம். ஆனால் மைக்ரோசாஃப்ட் 2020-ல் தன் எட்ஜ் பிரவுசரில் முப்பரிமாணக் காட்சியைக் கொண்டுவந்திருக்கிறது. எது எதன் பின்னால் ஒளிந்திருக்கிறது என்று அதில் பார்க்கலாம். என் மாணவன் எனக்காக நிறுவிக் காட்டினான். நம் ஊர் ரயில் நேரப் பக்கத்தைச் சாய்த்துப் பார்த்தோம். அரை மணி நேரம் போனதே தெரியவில்லை.

இந்தக் கருவிகள் வெறும் கட்டுமானக்காரர்களுக்கு மட்டுமா? பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள், நாம் பார்க்கும் படத்தைப் படிப்பதில்லை, இந்த மரத்தைத்தான் படிக்கிறது. ஒரு வரியைப் பெரிதாகவும் தடிப்பாகவும் போட்டுவிட்டு, ‘இது தலைப்பு’ என்ற குறி போடாமல் விட்டால் நமக்குத் தலைப்பாகத் தெரியும். அவருக்கு அது சாதாரண வரி. படத்துக்கு விளக்கம் எழுதாவிட்டால் அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. 2018-ல் ஃபயர்பாக்ஸ் இதற்கென்றே தனி இன்ஸ்பெக்டரைச் சேர்த்தது.

இனி நான் தூக்கம் கெட்டுப் படித்த பகுதி. 2021 அக்டோபர், அமெரிக்காவின் மிசௌரி மாநிலம். அங்கே கல்வித் துறையின் இணையதளத்தில் ஆசிரியர்களின் தகுதி விவரங்களைத் தேடும் பக்கம் ஒன்று. செயின்ட் லூயிஸ் போஸ்ட்-டிஸ்பாட்ச் நாளிதழின் செய்தியாளர் ஒருவர் அதன் மூலத்தைப் பார்த்தார். திரையில் தெரியாத இடத்தில், ஆசிரியர்களின் சமூகப் பாதுகாப்பு எண்கள் பொதிந்து கிடந்தன. நம் ஆதார் எண் போல, அதைவிட ஆபத்தானது. அதை வைத்து ஒருவர் பெயரில் கடன் வாங்கலாம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் எண்கள் இப்படி வெளிப்படும் நிலையில் இருந்ததாக அந்த இதழ் கணக்கிட்டது.

செய்தியாளர் செய்தது என்ன? முதலில் துறைக்குச் சொன்னார். பக்கத்தை அவர்கள் அகற்றும் வரை செய்தியை நிறுத்திவைத்தார்கள். மறுநாளே ஆளுநர் மைக் பார்சன் செய்தியாளர்களைக் கூட்டி, இது ஹேக்கிங், வழக்குத் தொடுப்போம் என்றார். நெடுஞ்சாலைக் காவல் துறை மாதக்கணக்கில் விசாரித்தது. 2022 பிப்ரவரியில் மாவட்ட அரசு வழக்கறிஞர் குற்றச்சாட்டு எதுவும் இல்லை என்று முடித்தார்.

யோசித்துப் பாருங்கள். கதவைத் திறந்து போட்டவர்கள் யார், சொன்னவர் யார், விசாரணைக்கு உட்பட்டவர் யார்! அந்த லட்சம் பேரில் என்னைப் போல ஓய்வுபெற்ற எத்தனை டீச்சர்கள் இருந்திருப்பார்களோ. ஒருவர் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்ததால்தான் அவர்கள் தப்பித்தார்கள். ‘சாவியை ஏன் வைத்திருக்கிறார்கள்’ என்று நான் கோபப்பட்டேனே, அந்த ஆளுநர் கேட்டதற்கும் நான் கேட்டதற்கும் எவ்வளவு தூரம்? வெட்கமாக இருந்தது.

அதற்காக இதில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். என் இரண்டு தோழிகள் பஸ் ஏறினார்களே. இன்னொன்றும் உண்டு. கணினியில் ஃபேஸ்புக்கைத் திறந்து எஃப்12 அழுத்தி, ‘கன்சோல்’ பகுதிக்குப் போனால், ‘நில்!’ என்று கொட்டை எழுத்தில் ஓர் எச்சரிக்கை வரும். யாராவது இங்கே எதையாவது ஒட்டச் சொன்னால் அது மோசடி, உங்கள் கணக்கு பறிபோகும் என்று ஃபேஸ்புக்கே எழுதி வைத்திருக்கிறது. பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பார்ப்பதால் ஒன்றும் ஆகாது. அடுத்தவர் கொடுத்ததைப் படித்துப் புரிந்துகொள்ளாமல் அங்கே ஒட்டவே கூடாது.

இப்போது பெரிய நிறுவனங்கள் நிரலை இடைவெளியில்லாமல் அழுத்தி, பெயர்களை ஓரெழுத்தாக்கி அனுப்புகின்றன. வேகத்துக்காக என்று காரணம் சொல்கிறார்கள், அதில் உண்மையும் உண்டு. ஆனால் மறுபக்கத்தைத் திருப்பினால் நூல் சிக்காகத்தான் தெரிகிறது. “நான் கத்துக்கிட்ட மாதிரி என் பொண்ணு இதைப் பார்த்துக் கத்துக்க முடியாது டீச்சர்” என்றான் என் மாணவன். மகளுக்காகச் சின்னச் சின்னப் பக்கங்களை அவனே எழுதி வைத்திருக்கிறானாம், அவள் பிரித்துப் பார்ப்பதற்காக.

ஸ்கிரீன்ஷாட்டைப் பொறுத்தவரை நான் இப்போது செய்வது இதுதான்: படத்தை நம்புவதில்லை. அதில் உள்ள முகவரியை நானே தட்டச்சு செய்து, என் போனிலேயே அந்தப் பக்கத்தைத் திறக்கிறேன். அங்கே இருந்தால் அனுப்புகிறேன். குழுக்களில் என்னிடமிருந்து ஃபார்வர்டு குறைந்திருப்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள்.

போன வாரம் மாணவனையும் லேப்டாப்பையும் அழைத்துக்கொண்டு அந்த இரண்டு தோழிகள் வீட்டுக்கும் போனேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு, அதே பக்கத்தில் தேதியை மாற்றி, மறுபடி ஏற்றிக் காட்டினேன். இந்த முறை நானே செய்தேன், அவன் சும்மா நின்றான். முழங்கால் அறுவை ஆனவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு ரொம்ப நேரம் திரையையே பார்த்தார். பிறகு சொன்னார்: “அப்படியே உள்ள போயி என் பிறந்த தேதியை ரெண்டு வருஷம் தள்ளிப் போடு டீச்சர். அரியரோட இன்கிரிமென்ட் வரும்.”

மாற்றிக் கொடுத்தேன். மறுபடி ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.